வெளியே சொட்டியதும் உள்ளே போனதும்: ஒரு பழைய புல்டோசரின் தண்ணீர்க் கசிவு குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் இடைப்பட்ட தமிழ் பேசும் ஊர் ஒன்றில் இந்த நிகழ்வு நடந்தது. கேரளத்தின் மற்ற பகுதிகளோடு ஒப்பிட்டால் இங்கே மழை குறைவு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மார்கழி, தை மாதங்களில் வறண்ட கீழைக்காற்று வீசுகிறது. பங்குனி, சித்திரையில் வெயில் 40 டிகிரியை ஒட்டி நிற்கிறது. கேரளத்தில் கரிசல் மண் உள்ள வட்டமும் இதுதான். வெயிலில் பாறையாக இறுகிவிடும் அந்த மண்ணைச் சமன்படுத்தவும், தோப்புகளுக்கு வரப்புப் போடவும், பண்ணைக் குட்டை வெட்டவும் செயின் டிராக்டர் (இரும்புச் சங்கிலிப் பட்டைமேல் ஓடும் புல்டோசர்) இன்னும் தேவைப்படுகிறது.

உரிமையாளர் தென்னை விவசாயி. பல ஆண்டுகளுக்கு முன் ஏலத்தில் எடுத்த பழைய புல்டோசர் ஒன்றைத் தம் தோட்டத்துக்கும், வெளியில் வாடகைக்கும் ஓட்டிவந்தார். நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின். பிஸ்டன் ஏறியிறங்கும் உருளையான லைனரின் வெளிச்சுவரைத் தண்ணீர் நேரடியாகத் தொட்டு ஓடும் வெட் லைனர் அமைப்பு. எஞ்சின் ஓடிய நேரத்தைக் கணக்கிடும் மணிக் காட்டி எப்போதோ நின்றுபோயிருந்தது. முன்பு பழுது பார்த்த யாரோ ஒருவர் எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டிருந்தார். ரேடியேட்டரின் அசல் மூடி தொலைந்து, அளவுக்குச் சற்றே பொருந்திய வேறொரு வண்டியின் மூடி சணல் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. ஊற்றப்பட்டது முழுக்க ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். இடையில் ஒரு முறை ரேடியேட்டர் ஒழுகியபோது, லாரி ஓட்டுநர்கள் வழியில் செய்வதைப் போல மஞ்சள் தூளைக் கரைத்து ஊற்றி ஒழுக்கை நிறுத்தியிருக்கிறார்கள்.

பொள்ளாச்சியில் உள்ள எங்கள் பட்டறைக்கு அழைப்பு வந்தது பங்குனி மாதத்தில். புதிய ரேடியேட்டர் வாங்க உரிமையாளர் ஏற்கெனவே விலை விசாரித்து வைத்திருந்தார். அதைப் பொருத்தித் தர வேண்டும் என்பதே அவருடைய கோரிக்கை.

தோப்புக்குப் போனபோது சொல்லப்பட்டதும் கண்டதும்

காலையில் வண்டி சரியாக ஓடுகிறது, உச்சி வெயிலில் சூட்டுக் காட்டி சிவப்பைத் தொடுகிறது, ஒவ்வொரு நாளும் இரண்டு குடத்துக்கும் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது என்று ஆபரேட்டர் கூறினார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இத்தகைய வண்டிகளை ஓட்டிய, கவனமான மனிதர். அவரே பெருமையோடு இன்னொன்றையும் சொன்னார்: "எண்ணெய் மட்டும் குறையவே குறையாதுங்க. ஊத்துன அளவு அப்படியே நிக்குதுங்க. தண்ணி தானுங்க குடிக்குது."

தேய்ந்த எஞ்சின் ஓரளவு எண்ணெயை எரிக்கவே செய்யும். பழைய எஞ்சின் ஒன்றில் எண்ணெய் மட்டம் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கிறது என்றால், போன எண்ணெயின் இடத்தை வேறு ஏதோ நிரப்பிக்கொண்டிருக்கிறது என்ற ஐயம் அங்கேயே எழ வேண்டும்.

வெளியே கண்ணுக்குத் தெரிந்த கசிவுகள் பல. ரேடியேட்டரின் கீழ்த்தொட்டி ஈயப்பற்று ஓரத்தில் வெள்ளை உப்புப் பூத்திருந்தது. மேல் ஹோஸின் கிளிப் அடியில் ஈரம். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பின்னால், எஞ்சினின் வார்ப்புடலான பிளாக்கின் பக்கவாட்டுத் துளையை அடைக்க அடித்திருந்த கோர் பிளக் (தகட்டு மூடி) துருப்பிடித்து, அதன் விளிம்பிலிருந்து ஒரு பழுப்புக் கோடு கீழே இறங்கியிருந்தது. வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளையை யாரோ எம்-சீல் வைத்து அடைத்திருந்தார்கள். அந்தத் துளை பம்பின் சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவே வேண்டுமென்றே விடப்பட்டது. சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியேறவும், சீல் போய்விட்டதை நமக்குக் காட்டவும் அது இருக்கிறது. அதை அடைத்தால் சொட்டு நிற்கும். கூடவே பேரிங்கின் கிரீஸைத் தண்ணீர் கழுவிக்கொண்டு போகும். இங்கேயும் அப்படித்தான் ஆகியிருந்தது: விசிறியைப் பிடித்து ஆட்டியபோது பம்பின் தண்டு கையோடு அசைந்தது.

இத்தனை கசிவுகள் இருந்ததால் போகிற தண்ணீரெல்லாம் இவற்றின் வழியேதான் போகிறது என்று நம்புவது எளிது. அதனால்தான் முதலில் கணக்குப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

தண்ணீர்க் கணக்கு

ரேடியேட்டரைக் கழுத்துவரை நிரப்பி மட்டத்தைக் குறித்துக்கொண்டு, வண்டியின் அடியில் தகரத் தட்டுகளை வரிசையாக வைத்து, ஒரே இடத்தில் நிறுத்தி மிதமான வேகத்தில் ஓடவிட்டோம். பிறகு அணைத்து இரவு முழுக்க அப்படியே விட்டோம். காலையில் மீண்டும் கழுத்துவரை நிரப்ப ஆன தண்ணீரையும் தட்டுகளில் சேர்ந்த தண்ணீரையும் அளந்தபோது, குறைந்ததில் பாதிகூடத் தட்டுகளில் இல்லை. ஒரு பகுதி பொருந்தாத மூடியின் வழியே ஆவியாகப் போயிருக்கலாம். ஆனால் நின்ற நிலையில் வண்டி அவ்வளவு சூடாகவில்லை. ஆவியை மட்டும் காரணமாகச் சொல்ல முடியவில்லை.

அன்று விடியலில், எஞ்சினை இயக்குவதற்கு முன்பே, எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான சம்பின் வடிகால் போல்ட்டை முழுவதும் கழற்றாமல் மெல்லத் தளர்த்தினோம். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது. இரவு முழுக்க அசையாமல் நின்ற சம்பில் அது அடியில் தங்கும். போல்ட்டின் மரை ஓரமாக முதலில் வந்தது எண்ணெய் அல்ல. பழுப்புத் தண்ணீர் ஒரு டம்ளர் அளவுக்கு வந்த பிறகுதான் கறுப்பு எண்ணெய் தலைகாட்டியது. ஆபரேட்டர் அந்தத் தண்ணீரை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசவில்லை.

வண்டியை நிறுத்தும் முடிவு

அந்த நிமிடத்திலிருந்து வண்டியை இயக்கக் கூடாது என்று உரிமையாளரிடம் தெரிவித்தோம். அவர் எளிதில் ஒப்பவில்லை. இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்குமுன் முடித்துத் தருவதாக இரண்டு குட்டை வேலைகளுக்கு முன்பணம் வாங்கியிருந்தார். எண்ணெயை மாற்றிவிட்டு அந்த வேலைகளை மட்டும் முடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அவருடைய நெருக்கடி உண்மையானது. ஆனால் பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பேரிங்குகளைத் தாங்குவது எண்ணெயின் மெல்லிய படலம் மட்டுமே. தண்ணீர் கலந்தால் அந்தப் படலம் பாரத்தைத் தாங்காமல் அறுந்துபோகும். லைனரும் கேஸ்கட்டும் மாற்றி முடிக்க வேண்டிய பழுது, கிராங்க் வரை போனால், இத்தனை பழைய வண்டியில் மாற்று உதிரி தேடுவதே பெரும்பாடாகிவிடும். மேலும், நிற்கும் வண்டியின் ஒரு சிலிண்டருக்குள் தண்ணீர் தேங்கியிருக்கும்போது ஸ்டார்ட்டரை அடித்தால், பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும் அபாயமும் உண்டு. தண்ணீரை அழுத்திச் சுருக்க முடியாது. இதைப் பொறுமையாக விளக்கிய பிறகு, ஒரு குட்டை வேலையை வேறொரு வண்டிக்காரருக்கு மாற்றிவிட உரிமையாளர் ஒப்புக்கொண்டார்.

அழுத்தச் சோதனை

கடையில் விற்கும் சோதனைப் பம்பு இந்த ரேடியேட்டரின் அகன்ற கழுத்துக்குப் பொருந்தவில்லை. பழைய மூடி ஒன்றில் டயர் டியூபின் வால்வைப் பற்றவைத்து, பக்கத்தில் ஓர் அழுத்தக் காட்டியைப் பொருத்தி, நாங்களே ஒரு மூடியைச் செய்துகொண்டோம். அழுத்தம் அரை பாருக்கு மேல், அதாவது சுமார் 7 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக் கூடாது என்று எல்லை வைத்தோம். அசல் மூடியின் அளவு அதுதான். அதற்கு மேல் காற்றேற்றினால் நல்ல ஈயப்பற்றும் பிரிந்துபோகும். கம்ப்ரஸரைத் தவிர்த்துக் கைப்பம்பைப் பயன்படுத்தியதும் இதற்காகவே.

காற்றேற்றியதும் வெளிக்கசிவுகள் எல்லாம் ஒரே நேரத்தில் சொட்டத் தொடங்கின. காட்டியின் முள் வேகமாக இறங்கியது. இந்த நிலையில் உள்ளே எங்காவது போகிறதா என்று சொல்ல வழியில்லை. ஆகவே வெளியே உள்ளவற்றை முதலில் சரிசெய்தோம்: பம்புக்குப் புதிய சீலும் பேரிங்கும், புதிய கோர் பிளக், புதிய ஹோஸ்கள், கீழ்த்தொட்டியின் ஓரத்துக்குத் தற்காலிக ஈயப்பற்று. பலர் இந்த இடத்தில் வேலை முடிந்தது என்று வண்டியை அனுப்பிவிடுவார்கள், சொட்டு நின்றுவிட்டதல்லவா. எங்களுக்கு இது சோதனைக்கான தயாரிப்பு மட்டுமே. மறுபடி காற்றேற்றியபோது வெளியே எங்கும் ஈரம் இல்லை. முள்ளோ மெதுவாக, நிற்காமல் இறங்கியது.

உள்ளே போகும் வழிகள் மூன்று: சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டின் வெடிப்பு அல்லது அதற்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட், எண்ணெயைத் தண்ணீரால் குளிர்விக்கும் ஆயில் கூலர், லைனர். சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறதா என்று பார்க்க, எண்ணெயை வடித்துப் புதியது ஊற்றி, சிலிண்டர்களில் தண்ணீர் தேங்கவில்லை என்பதை எஞ்சினைக் கையால் சுற்றி உறுதிசெய்த பின், விசிறி பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த எஞ்சினை மிகக் குறுகிய நேரம் மட்டும் இயக்கினோம். பெல்ட் இல்லாவிட்டால் பம்பு தண்ணீரைக் கலக்காது. கழுத்தில் தெரியும் நீர்ப்பரப்பு அசையாமல் இருக்கும். குமிழிகள் எழவில்லை. ஹெட்டின் மீதிருந்த ஐயம் குறைந்தது. ஆயில் கூலரைப் பொறுத்தவரை, எஞ்சின் ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் தண்ணீரின் அழுத்தத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், அது ஓட்டையாகியிருந்தால் ரேடியேட்டரில் எண்ணெய் மிதந்திருக்க வேண்டும். மிதக்கவில்லை. ஆனாலும் கழற்றி, ஒரு முனையை அடைத்து, தொட்டித் தண்ணீரில் அமிழ்த்திக் காற்றேற்றிப் பார்த்தோம், குமிழி இல்லை.

எஞ்சியது லைனர். அடிக்காப்புத் தகட்டை ஜாக்கியும் மரக்கட்டைகளும் கொடுத்து நான்கு பேர் சேர்ந்து இறக்கினோம். வெறும் ஜாக்கியை நம்பி இந்தத் தகட்டின் அடியில் யாரும் படுக்கக் கூடாது. பிறகு சம்பைக் கழற்றி, கிராங்க் அறை முழுவதையும் துணியால் துடைத்து உலர்த்தி, அடியில் பழைய செய்தித்தாள்களை விரித்து, மீண்டும் அரை பார் ஏற்றிவிட்டுக் காத்திருந்தோம்.

மூன்றாம் சிலிண்டருக்கு நேர் கீழே தாளில் முதல் ஈரவட்டம் விழுந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது லைனரின் வெளிப்புறமாக, பிளாக்கோடு அது பொருந்தும் இடுக்கிலிருந்து தண்ணீர் இறங்கியது: அந்த இடுக்கை அடைக்கும் ரப்பர் வளையமான கீழ் ஓ-ரிங் போய்விட்டது. இரண்டாம் சிலிண்டரின் கீழும் பிறகு ஒரு வட்டம் தோன்றியது. அங்கே வெளிப்புறம் உலர்ந்திருந்தது. கிராங்க்கைச் சுற்றிப் பிஸ்டனை மேலே ஏற்றிவிட்டுப் பார்த்தால், லைனரின் உள்சுவரில், எண்ணெய்ப் பளபளப்பின் நடுவே, குண்டூசி முனை அளவில் ஒரு நீர்மொட்டு திரண்டு, வழிந்து, மறுபடி திரண்டுகொண்டிருந்தது. ஓ-ரிங் மட்டும் மாற்றியிருந்தால் இந்தத் துளை அப்படியே இருந்திருக்கும். இரண்டு சொட்டுகளும் கீழிருந்து பார்க்க ஒன்றுபோலவே இருந்தன. எந்தப் பக்கமாக இறங்குகிறது என்று பார்த்ததால்தான் வேறுபாடு தெரிந்தது.

பிரித்தபோது தெரிந்த காரணங்கள்

ஹெட்டை எடுத்து லைனர்களை உருவியபோது, அவற்றின் பின்புறத்தில் உப்புப்படிவு கெட்டியாக ஒட்டியிருந்தது. உளியால் தட்டினால் சில்லுகளாகத் தெறித்தது. பிளாக்கின் அடியில், துருவும் மஞ்சள் தூளும் சேர்ந்து இறுகிய சேறு கடைசி இரண்டு சிலிண்டர்களைச் சுற்றிய நீர்வழியைப் பாதியளவு அடைத்திருந்தது. கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தபோது, மொத்தக் கடினத்தன்மை சில எஞ்சின் கையேடுகள் எல்லையாகச் சொல்லும் லிட்டருக்கு 170 மில்லிகிராமை வெகுவாகத் தாண்டியிருந்தது. குடம் குடமாக ஊற்றிய தண்ணீரில் ஒரு பங்கு ஆவியாகப் போய்விடும், அதிலிருந்த சுண்ணாம்பு மட்டும் உள்ளேயே தங்கிவிடும். கசிவு கூடக்கூட ஊற்றுவது கூடும். ஊற்றுவது கூடக்கூடப் படிவு தடிக்கும். படிவு தடித்தால் சூடு ஏறி ஓ-ரிங் ரப்பர் கருகி இறுகும். மூன்றாம் சிலிண்டரின் ஓ-ரிங் விரலால் வளைத்தபோது பொட்டென்று ஒடிந்தது.

குண்டூசித் துளைக்குக் காரணம் வேறு. பிஸ்டன் ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் லைனரை அறையும்போது லைனர் நுண்மையாக அதிர்கிறது. அந்த அதிர்வில் லைனரை ஒட்டிய தண்ணீரில் ஆவிக்குமிழிகள் தோன்றி, அடுத்த நொடியே நொறுங்குகின்றன. நொறுங்கும் ஒவ்வொரு குமிழியும் உலோகத்தில் ஒரு கண்ணுக்குத் தெரியாத சில்லைப் பெயர்க்கிறது. இரண்டாம் லைனரின் ஒரு பக்கத்தில் மட்டும், பிஸ்டன் அறையும் திசையில், பள்ளங்கள் செங்குத்தாக வரிசைகட்டி நின்றன. தண்ணீரோடு கலந்து ஊற்றும் சரியான கூலன்ட் திரவத்தில் உள்ள வேதிப்பொருள்கள் உலோகத்தின் மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கி இதைத் தடுக்கின்றன. வெறும் தண்ணீரில் அந்தக் காப்பு இல்லை. அழுத்தம் பிடிக்காத மூடியும் இதற்குத் துணைபோயிருக்கிறது. அழுத்தம் குறைந்தால் குமிழி எளிதில் தோன்றும். அரை பார் அழுத்தம் நின்றால் தண்ணீர் சுமார் 111 டிகிரி வரை கொதிக்காது என்பதையும் உரிமையாளரிடம் விளக்கினோம். கயிறு கட்டிய மூடி அந்தக் காப்பையும் பறித்திருந்தது.

எடுத்த முடிவுகள்

கெட்டவை இரண்டு லைனர்கள் என்றாலும் நான்கையும் பிஸ்டன், ரிங்குகளோடு மாற்றினோம். மற்ற இரண்டிலும் பள்ளங்கள் தொடங்கியிருந்தன. தென்னந்தோப்பில் ஓலைக் கொட்டகைக்குள் மீண்டும் ஒரு முறை இதே வேலையைச் செய்வது உரிமையாளருக்கு அதிகச் செலவு. பேரிங் ஷெல்களும் மங்கிச் சாம்பல் நிறமாகியிருந்ததால் மாற்றப்பட்டன. கிராங்க்கின் ஜர்னல்கள், அதாவது பேரிங்குகளில் சுழலும் பகுதிகள், அளவுக்குள் இருந்தன.

கடினமான முடிவு பிளாக்கைப் பற்றியது. மூன்றாம் சிலிண்டரில் ஓ-ரிங் உட்காரும் இடத்தில் அரிப்பு இருந்தது. முறையான தீர்வு, பிளாக்கைக் கழற்றிக் கோயம்புத்தூரில் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் அந்த இடத்தில் வளையம் பொருத்துவது. அதற்கு எஞ்சினை முழுவதும் வெளியே எடுக்க வேண்டும். பணமும் நாளும் பெரிய அளவில் ஆகும். அரிப்பு ஆழமாக இல்லாததால், அந்த இடத்தைச் சுத்தம் செய்து, உலோகத் துகள் கலந்த எபாக்ஸியால் நிரப்பி, இறுகிய பின் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்தோம். இது நிரந்தரமல்ல என்பதை உரிமையாளரிடம் எழுதிக் கொடுத்தோம்.

லைனர்களைப் பொருத்திய பின், அவை பிளாக்கின் மேல்மட்டத்துக்கு மேல் எவ்வளவு துருத்துகின்றன என்று டயல் கேஜ் வைத்து அளந்து கையேட்டின் அளவோடு ஒப்பிட்டோம்; ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருந்தால் கேஸ்கட் சமமாக அழுந்தாது. பிஸ்டன்களை ஏற்றுவதற்கு முன், லைனர்கள் மேலே எழும்பாதபடி இரும்புப் பட்டைகளால் பிடித்துக் கட்டி, பிளாக்கின் மேல்மட்டம் வரை தண்ணீர் ஊற்றி ஓர் இரவு விட்டோம். கீழே விரித்த தாள் காலையில் உலர்ந்தே இருந்தது. அதன் பிறகே ஹெட் ஏறியது.

உரிமையாளர் வாங்க நினைத்த புதிய ரேடியேட்டர் தேவைப்படவில்லை. பொள்ளாச்சியில் ஒரு ரேடியேட்டர் பட்டறையில் இரண்டு தொட்டிகளையும் பிரித்து, குழாய்களுக்குள் ராட் விட்டு அடைப்பை எடுத்து, மீண்டும் பற்றவைத்தார்கள். இந்த வண்டியின் விசிறி காற்றை வெளிநோக்கித் தள்ளும் வகை. தூசியும் தென்னை நாரும் எஞ்சின் பக்கத்து முகத்தில்தான் அடைகின்றன. ஆபரேட்டர் அதுவரை முன்பக்கத்தை மட்டும் கழுவிவந்தார்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுவதில் சிறு வாக்குவாதம் வந்தது. "அதைப் போட்டா இன்னும் சூடாகுமுங்க" என்பது ஆபரேட்டரின் அச்சம். அவருடைய தலைமுறையில் பலருக்கும் உள்ள கருத்து அது. இந்த எஞ்சினில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியை அதுவே மூடுகிறது. அது இல்லாவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் நேராகப் பம்புக்குத் திரும்பிவிடும். காலை நேரத்தில் எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராமல் ஓடுவதும் லைனருக்குக் கேடு. வெந்நீர்ப் பாத்திரத்தில் தெர்மோஸ்டாட்டைத் தொங்கவிட்டு அது திறப்பதைக் காட்டிய பிறகு அவர் சம்மதித்தார்.

கடைசியாகத் தண்ணீர். ஓட்டு வீட்டுக் கூரையிலிருந்து தொட்டியில் பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீரில் கடினத்தன்மை மிகக் குறைவு. அதோடு கூலன்ட்டைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினோம். மழைத்தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ தனியாக ஊற்றினால் துருப்பிடிக்கும் என்பதால், கலவையைத் தயாராக ஒரு கேனில் வைத்து, குறையும்போது அதிலிருந்தே ஊற்றச் சொன்னோம். வடித்த பழைய தண்ணீரையும், பின்னாளில் வடிக்கும் கூலன்ட்டையும் தோப்பில் கொட்டக் கூடாது என்றும் வலியுறுத்தினோம். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைகால் இனிப்பானது. நாயோ ஆடோ நக்கினால் சிறுநீரகம் கெட்டு இறந்துவிடும்.

பின்னர் நடந்தவை

முதல் ஓட்டத்தில் பம்பின் துளையிலிருந்து சில சொட்டுகள் வந்து நின்றன. புதிய சீல் படியும்போது இது இயல்பு. எஞ்சின் ஒரு முறை சூடாகிக் குளிர்ந்த பின், கையேட்டில் சொன்ன முறைப்படி, நடுவிலிருந்து வெளிநோக்கி ஹெட் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் கொண்டு மீண்டும் சரிபார்த்தோம். முதல் எண்ணெயைச் சில மணி நேர ஓட்டத்திலேயே வடித்து மாற்றினோம், உள்ளே ஒளிந்திருக்கக்கூடிய ஈரத்தையும் எபாக்ஸித் துகளையும் வெளியேற்றுவதற்காக. மீதமிருந்த குட்டை வேலை மழைக்கு முன் முடிந்தது. நடுப்பகலில் சூட்டுக் காட்டி பச்சைக்குள்ளேயே நின்றது.

ஆடி மாதத்தில் உரிமையாளர் கலக்கத்தோடு தொலைபேசியில் அழைத்தார். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பால் போன்ற படிவம் இருந்தது. எபாக்ஸி விட்டுக்கொடுத்துவிட்டது என்பதே எவருக்கும் முதலில் தோன்றும். ஆனால் நாங்கள் கொடுத்த நோட்டில் ஆபரேட்டர் ஒவ்வொரு காலையும் கூலன்ட் மட்டத்தைக் குறித்துவந்தார். அது இறங்கவே இல்லை. வடிகால் போல்ட்டைத் தளர்த்தியபோது வந்த சிறிதளவு தண்ணீரில் கூலன்ட்டின் பச்சை நிறமும் இல்லை. மழையில் வெட்டவெளியில் பல நாள் நின்ற வண்டியின் நேர்ச் சைலன்சருக்கு மூடி இல்லை; அதன் வழியே இறங்கிய மழைத்தண்ணீர், திறந்திருந்த வால்வு வழியாகச் சிலிண்டருக்குள்ளும் அங்கிருந்து சம்புக்கும் போயிருந்தது. எண்ணெய் மாற்றி, சைலன்சருக்குத் தகர மூடி போட்டதோடு அது தீர்ந்தது. ஹெட்டை மீண்டும் கழற்றும் வேலையை அந்த நோட்டு தடுத்தது.

இனி மாற்றிக்கொள்வது

தண்ணீர் குறைகிறது என்று எந்தப் பழைய வண்டி வந்தாலும், வெளிக்கசிவைப் பார்ப்பதற்கு முன்பே, இரவு நின்ற எஞ்சினின் சம்ப் போல்ட்டைத் தளர்த்திப் பார்ப்பதை எங்கள் பட்டறையில் முதல் வேலையாக வைத்துள்ளோம். அதற்குச் செலவு இல்லை. எண்ணெய் மட்டம் குறைகிறதா என்று கேட்பதோடு, குறையாமல் நிற்கிறதா, ஏறுகிறதா என்றும் ஆபரேட்டரிடம் கேட்கிறோம். வண்டி இயங்கும் நிலையில் வந்தால் எண்ணெய் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவதும் சேர்க்கப்பட்டிருக்கிறது. கூலன்ட்டில் உள்ள சோடியம் போன்றவை எண்ணெயில் தென்பட்டால், கண்ணுக்குத் தண்ணீர் தெரிவதற்கு முன்பே கசிவு பிடிபடும்.

இந்த வண்டியைப் பொறுத்தவரை, அடுத்த பெரிய பிரிப்பில் பிளாக்கைக் கழற்றி மூன்றாம் சிலிண்டருக்கு வளையம் போடுவது என்று உரிமையாளரோடு பேசி முடிவாகியிருக்கிறது. அதுவரை மாதம் ஒரு முறை விடியலில் வடிகால் போல்ட் தளர்த்தப்படும். கூலன்ட் நோட்டு தொடரும்.